பயிர்க்கடன் 4% வட்டி என்கிறார்கள், வங்கியில் 7% போடுகிறார்களே, ஏன்?

இரண்டும் சரிதான். கிசான் கிரெடிட் கார்டில் (விவசாயிகளுக்கான கடன் அட்டை) 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7%. தவணைத் தேதிக்குள் கட்டி முடித்தால் மத்திய அரசு 3% ஊக்கத்தொகை தருகிறது. அதைக் கழித்தால்தான் 4%. ஒரு லட்சத்தை ஒரு வருடம் வைத்திருந்தால் 7,000 ரூபாய் வட்டி, அதில் 3,000 உங்களுக்கே திரும்ப வரும்.

பலர் சறுக்குவது தேதியில்தான். வட்டியை மட்டும் கட்டிவிட்டு அசலை அப்படியே விட்டால் இந்தச் சலுகை போய்விடும். தேதி தாண்டினால் வங்கியின் வழக்கமான வட்டிதான். அதனால் கடன் வாங்கும் அன்றே கடைசித் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து விற்றுப் பணம் பார்க்கும் காலத்தை ஒட்டித்தான் அது இருக்கும்.

எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. அட்டையில் 2 லட்சம் இருக்கிறதே என்று மொத்தமாக எடுத்து வீட்டில் வைப்பது வீண். உரத்துக்கு, களையெடுப்புக்கு என்று தேவைப்படும்போது எடுங்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

தமிழ்நாட்டில் இருந்தால் முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால் பயிர்க்கடனுக்கு அங்கே வட்டியே கிடையாது.

அப்புறம், ஊறுகாய், செக்கு எண்ணெய் போன்ற தொழிலுக்குப் பயிர்க்கடன் பொருந்தாது. பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தைப் பாருங்கள்: திட்டச் செலவில் 35% மானியம், அதிகபட்சம் 10 லட்சம்.