கொரோனா வார்டில் நின்றவர்களின் இதயம்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கொரோனா காலத்தில் மருத்துவமனைகளில் வேலை பார்த்து, தாங்களும் தொற்றில் விழுந்து எழுந்தவர்களுடையவை. எல்லோரும் இதயத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒருவர்கூடத் தன் பிரஷர் எவ்வளவு என்று எழுதவில்லை. நோயாளியின் பிரஷரை நேரம் தவறாமல் சார்ட்டில் குறிக்கிறவர்கள் இவர்கள். வருத்தமாக இருந்தது.

தக்கலையிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ், வயது 33: இரண்டாவது அலையில் கொரோனா வந்தது. அதிலிருந்து படுக்கையை விட்டு எழுந்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ரவுண்ட்ஸில் நிற்கும்போது தலை சுற்றுகிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். "டென்ஷன்தான்" என்கிறார்கள்.

டென்ஷன் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழித்து ஒரு சோதனை செய்து பாருங்கள். செலவே இல்லை.

போன மாதம் என் ஓபிக்கு உங்களைப் போலவே ஒரு சிஸ்டர் வந்தார். பத்து நிமிடம் படுக்க வைத்து நாடி பார்த்தேன், 76. பிறகு சுவரில் முதுகு சாய்த்து, அசையாமல் நிற்கச் சொன்னேன். முதல் நிமிடம் 104, நான்காவதில் 114, எட்டாவதில் 118. பிரஷர் குறையவில்லை. குனிந்து பார்த்தால், பாதம் இரண்டும் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன. "அப்போ இது என் மனசு இல்லையா டாக்டர்?" என்று கேட்டவர் அங்கேயே அழுதுவிட்டார். அதுவரை வீட்டிலும் வார்டிலும் எத்தனை பேர் அவரிடம் "நீதான் பயப்படுறே" என்று சொல்லியிருப்பார்கள்!

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். தானியங்கி நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களை இறுக்கி அதை மேலே அனுப்ப வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு இந்த நரம்புகளின் வேலை தடுமாறுகிறது. குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடுகிறது. நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி, படுத்திருந்தபோது இருந்ததைவிட 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றால், பிரஷரும் விழாமல் இருந்தால், மூன்று மாதத்துக்கு மேல் இந்தத் தொந்தரவும் தொடர்ந்தால், அதற்கு பாட்ஸ் என்று பெயர். எக்கோ நார்மலாக வருவதில் ஆச்சரியமில்லை, இதயத்தின் தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், சிலர் மயங்கி விழுவார்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்காமல் இந்த முடிவுக்கு வரக்கூடாது. நம் ஊர்ப் பெண்களில் பலருக்குப் படபடப்புக்கு ரத்தசோகையே காரணம்.

பாட்ஸ்தான் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். பிபிஈ கிட் காலத்தில் பாத்ரூம் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே பழகினீர்களே, அந்தப் பழக்கம் இன்னும் பலரை விடவில்லை. காலையில் சாயாவுக்கு முன்னால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் ஒரு டம்ளர் நல்லது. பிரஷர், கிட்னி கோளாறு உள்ளவர்கள் உப்பைக் கூட்டவே கூடாது. தொடை வரை வரும் இறுக்கமான காலுறை டூட்டியில் உதவும். உடற்பயிற்சியைப் படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் தொடங்குங்கள். ஒரு நாள் கூடுதலாக நடந்து, அடுத்த இரண்டு நாள் எழவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், வீம்புக்குச் செய்யாதீர்கள். இதற்கெல்லாம் அடங்காவிட்டால் மாத்திரைகள் இருக்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாமல், இதய மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஆம்புலன்ஸ் பணியாளர், வயது 41: லேசான கொரோனாதான். ஆனாலும் இதயம் சேதமாகியிருக்கும் என்று படித்தேன். எம்ஆர்ஐ எடுக்கட்டுமா?

நீங்கள் படித்தது 2020-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நடந்த ஆய்வாக இருக்கும். கொரோனாவிலிருந்து மீண்ட 100 பேரில் 78 பேரின் எம்ஆர்ஐயில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்ததாகச் சொன்னது. உலகமே பயந்தது. அதன் பிறகு லண்டனில் சுகாதாரப் பணியாளர்களையே எடுத்துப் பார்த்தார்கள். லேசான தொற்று வந்த 74 பேர், வராத 75 பேர். ஆறு மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் தொந்தரவு எதுவும் இல்லாதவர் பணத்தைக் கொட்டி எம்ஆர்ஐ எடுக்க வேண்டாம்.

அதற்காகக் கவலையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் ஒன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். தொற்று வந்த ஒரு வருடத்தில், தொற்று வராதவர்களைவிட மாரடைப்பு 63 சதவீதமும் இதயச் செயலிழப்பு 72 சதவீதமும் கூடுதலாக இருந்தன. வீட்டிலேயே இருந்து குணமானவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது, ஐசியு போனவர்களுக்கு மிக அதிகம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் வயதான ஆண்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதயத்தசை நன்றாக இருந்தும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உருவாகலாம். அங்கேதான் பிரஷர், சுகர், கொழுப்பு, சிகரெட் நான்கும் சேர்ந்து வேலை செய்கின்றன. 41 வயதில் உங்களுக்கு வேண்டியது இந்த நான்கின் கணக்கு. ஆம்புலன்ஸில் பிரஷர் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, இன்றே பாருங்கள்.

தூத்தூரிலிருந்து ஆண் நர்ஸ், வயது 25: கொரோனாவோடு இதயத்தசை அழற்சி வந்து அட்மிட் ஆனேன். இப்போது நன்றாக இருக்கிறேன். ஃபுட்பால் ஆடலாமா?

உங்கள் கரையில் ஃபுட்பால் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன்று முதல் ஆறு மாதம் மைதானத்துக்கு வெளியே இருங்கள். அழற்சி ஆறாத தசையில் ஓட்டம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். டிரோபோனின் (இதயத்தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ, 24 மணி நேரம் உடலோடு மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் ஈசிஜி, டிரெட்மில் எல்லாம் சரியாக இருந்த பிறகே பந்து. கோல் போஸ்ட்டில் நிற்பதும் ஆட்டம்தான்.

நாகர்கோவிலிலிருந்து லேப் டெக்னீஷியன்: முன்களப் பணியாளர் என்று முதல் ஆளாகக் கோவிஷீல்டு போட்டேன். திடீர் மரணச் செய்தி வரும்போதெல்லாம் தூக்கம் போகிறது. ரத்தம் உறைகிறதா என்று காட்டும் டி-டைமர் சோதனையை மாதாமாதம் பார்க்கிறேன்.

2021 ஜனவரி 16-ல் தொடங்கிய ஊசி அது. கோவிஷீல்டால் வரும் அபூர்வமான ரத்த உறைவு, ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. உங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆராய்ந்தபோது ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை என்றே தெரிந்தது. கொரோனாவுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், அளவு மீறிய குடி, வழக்கமில்லாத கடும் உழைப்பு ஆகியவையே கூட்டின. டி-டைமரை நிறுத்துங்கள்.

ஆசாரிப்பள்ளம் பக்கமிருந்து வார்டு சிஸ்டர்: கேள்வி எனக்காக இல்லை. எங்கள் வார்டில் துப்புரவு வேலை செய்யும் அக்காவுக்கு 52 வயது, சுகர் உண்டு. 2021-ல் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தவர். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் இளைக்கிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது. "வயசாகுதுல்லா" என்கிறார். லீவு போட்டால் கூலி போகும் என்று டாக்டரிடம் வர மறுக்கிறார்.

வந்த கேள்விகளிலேயே என்னைப் பதற வைத்தது இதுதான். மூச்சிளைப்பும் கால் வீக்கமும் சேர்ந்தால் வயசு என்று விடக்கூடாது. இதயச் செயலிழப்பாக இருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம், சுகரால் கிட்னி பழுதாகியிருக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வந்து போயிருக்கவும் கூடும்.

அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். படுக்க எத்தனை தலையணை வேண்டியிருக்கிறது? நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? சில நாட்களில் இரண்டு கிலோ எடை ஏறியதா? கெண்டைக்காலில் விரலால் அழுத்தி எடுங்கள், குழி விழுந்து நிற்கிறதா பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே இளைத்தாலோ, நெஞ்சை அழுத்தி வியர்த்தாலோ காத்திருக்கவே வேண்டாம். ஊரில் இருக்கும்போது அப்படி வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை, இதயம் காப்போம் திட்டத்தில், 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள்.

லீவு போடத் தேவையில்லாமல் பாருங்கள். நாளைக் காலை டூட்டி மாறும் நேரத்தில், அவர் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால், உங்கள் வார்டிலேயே உட்கார வைத்து பிரஷர், சுகர், ஆக்சிஜன் அளவு, ஒரு ஈசிஜி எடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் "2021-ல் ஆக்சிஜனில் இருந்தவர், இப்போது கால் வீங்குகிறது" என்று நீங்களே சொல்லி எக்கோவுக்கு எழுதி வாங்குங்கள். அந்த அக்கா தானாகச் சொல்ல மாட்டார். எக்கோ அறை வரை கூடவே போங்கள் சிஸ்டர்.