கறுப்பினப் பெண்ணியம் படிக்க வேண்டும் என்கிற மகளும், கடிதம் எழுதிய அப்பாவும்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். பி.எட். முடித்து டெட் எழுது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அமெரிக்கா போய்க் கறுப்பினப் பெண்ணியம் படிப்பேன் என்கிறாள். "கொடி பிடிக்கிறதுக்கு ஒரு படிப்பா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை, பணம் இரண்டையும் பேசுவோம். முதலில் ஒரு வழக்கைச் சொல்கிறேன். வங்கியில் சீனியாரிட்டி பட்டியலோடு மல்லுக்கட்டியவர் நீங்கள், உங்களுக்கு உடனே பிடிபடும்.

செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை அங்கே கறுப்பினப் பெண்களைச் சேர்ப்பது வழக்கமே இல்லை. பிறகு சேர்த்தார்கள். எழுபதுகளில் தொழில் மந்தமானதும் ஆட்குறைப்பு வந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே. 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. எம்மா டிகிராஃபன்ரீடும் இன்னும் நான்கு பெண்களும் நீதிமன்றம் போனார்கள். 1976-ல் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது: நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, அதனால் பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே நடக்கும் இன வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்து புதிதாக ஒரு பிரிவை உண்டாக்க முடியாது. அங்கே வேலையில் இருந்த பெண்கள் வெள்ளையர் என்பது கணக்கில் வரவே இல்லை.

இந்த வழக்கை எடுத்துவைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை 1989-ல் 'இன்டர்செக்ஷனாலிட்டி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒரே ஆள்மேல் ஒன்றுசேர்ந்து விழுவதற்கு அந்தப் பெயர். நாற்சந்தியில் நிற்பவரை எந்தத் தெருவில் வரும் வண்டியும் இடிக்கலாம், இரண்டு வண்டிகள் ஒன்றாகவும் இடிக்கலாம் என்பது அவர் காட்டிய படம். பாஸ்டனில் கோம்பாஹி ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு 1977-லேயே இதே கருத்தை ஓர் அறிக்கையாக எழுதியிருந்தது. உங்கள் மகள் கையில் இருப்பது இந்த மரபு. வேலை போனவர்களின் வழக்கு எண்ணும் அதில் இருக்கிறது.

இன்னும் மூன்று இடங்களில் இதைப் பார்க்கலாம். பிரசவத்தை எடுங்கள். 2021-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 69.9 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள், வெள்ளையரில் 26.6. வறுமை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-ல் மகளைப் பெற்ற மறுநாள் மூச்சுத்திணறல் வந்து, ரத்தம் கட்டியிருக்கிறது, சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்று அவரே கேட்டிருக்கிறார். வலிமருந்தில் உளறுகிறார் என்று நினைத்தாராம் செவிலியர். ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டிகள் தெரிந்தன. அப்பேர்ப்பட்டவர் சொல்லே எடுபடவில்லை.

தலைமுடிக்குக்கூடச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. கறுப்பினத்தவர் வழக்கப்படி பின்னலும் சுருள்முடியும் வைத்தவர்களைப் பள்ளியும் அலுவலகமும் ஒதுக்கக்கூடாது என்று 2019-ல் கலிபோர்னியா முதலில் சட்டம் போட்டது. 2018-ல் ஜாய் புவலம்வினி என்ற ஆய்வாளர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார். வெள்ளை ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை, கருத்த பெண்களிடம் 34.7 வரை போனது.

இப்போது வேலை. மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் இன்னொரு திறன் ஒட்டியிருப்பதைக் கவனித்தீர்களா? கிரென்ஷாவிடம் சட்டம், புவலம்வினியிடம் கணினி, பிரசவக் கணக்கில் பொதுச் சுகாதாரமும் புள்ளியியலும். 'கறுப்பினப் பெண்ணியம்' என்ற பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் கல்லூரி வேலையைத் தவிர வழி குறுகல், அதுவும் கடும் போட்டி. மகளிடம் "அதைப் படிக்காதே" என்று சொல்லாதீர்கள், "அதோடு எதைச் சேர்க்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். அவளுக்குக் கணக்கு பயமில்லை என்றால் புள்ளியியலைத்தான் சொல்வேன்.

பணத்தில் நான் பிடிவாதக்காரன். முதுகலைக்கு அங்கே உதவித்தொகை அபூர்வம். நிலத்தை அடகு வைத்து அனுப்பாதீர்கள். படித்து முடித்தவர் அங்கே வேலை பார்க்க இப்போதைய விதிப்படி பொதுவாகப் பன்னிரண்டு மாதம்தான். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு மட்டும் இன்னும் இருபத்துநான்கு மாதம். கடன் அதற்குள் அடையாது. பிஎச்.டி. என்றால் நல்ல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை நீக்கிச் செலவுக்கும் பணம் தரும். ஆனால் நம் மூன்று வருடப் பட்டத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அதனால் முதலில் இங்கே எம்.ஏ. சமூகவியலோ பெண்ணியல் கல்வியோ முடிக்கட்டும். அப்புறம் மூன்று வருடம் வேலை பார்த்தால் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பக் கட்டுரையில் ஒரு ஆபத்து இருக்கிறது. "எங்கள் ஊரில் சாதி, அங்கே நிறம், எல்லாம் ஒன்றுதான்" என்று நம் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். படிக்கும் பேராசிரியர் அங்கேயே மூடி வைத்துவிடுவார். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்து எழுதத் தெரிய வேண்டும்.

சரி, இந்த வாரம் ஒரு வேலை. டிகிராஃபன்ரீட் வழக்கைப் பற்றி இரண்டு பக்கம் தமிழில் எழுதி முதலில் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். சீனியாரிட்டி பற்றி அவள் தவறாக எழுதியிருந்தால் திருத்த வீட்டில் உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. திருத்தியதை எனக்கு அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து.