போஸ்ட்டிலிருந்து வீடு வரை மண்ணுக்கடியில் கேபிள்: கேள்வி பதில்

பல்லடம்: சொந்தமாக வீடு கட்டுகிறோம். ஈபி போஸ்ட்டிலிருந்து 60 மீட்டர், நடுவில் தென்னை வரிசை. தரைக்கடியில் கொண்டுவர எந்த கேபிள், எவ்வளவு ஆழம்?

மீட்டர் எங்கே வரும் என்று பிரிவு அலுவலகத்தில் முதலில் பேசி முடியுங்கள். கேட் பக்கம் என்றால், அதற்குப் பிறகான கேபிள் உங்கள் செலவு, உங்கள் பொறுப்பு.

அலுமினியம் ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள், நாலு கோர் (உள்ளே மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல்) வாங்குங்கள். உறைமேல் ஐஎஸ் 7098 என்று இந்தியத் தர எண் இருக்கும். பெரிய அளவுகளில் மூணரைக் கோரைக் கடைக்காரர் நீட்டுவார். அதில் நியூட்ரல் மெலிந்தது. நம் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் எல்லா லோடையும் இன்னொன்றில் திருப்பிவிடுகிறோம் அல்லவா? அப்போது லோடு 30 ஆம்பியர் என்றால், அத்தனையும் அந்த நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். போக வர 120 மீட்டர். 10 சதுர மி.மீ. போட்டால் 11 வோல்ட் வழியிலேயே போய்விடும், 16 போட்டால் 7. கேபிள் சூடேறினால் இன்னும் கூடும். 16-க்குக் கீழே போகாதீர்கள்.

ஆழம் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி. பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு மீட்டர். சலித்த மணல், கேபிள், மறுபடி மணல், மேலே செங்கல், எச்சரிக்கை டேப். தென்னைக்கு உரம் வைக்க வட்டம் எடுப்பார்கள், அதனால் மரத்திலிருந்து ஆறடிக்கு மேல் தள்ளிப் போங்கள். மண் மூடும் முன் காம்பவுண்டிலிருந்து அளவு டேப் பிடித்துப் போட்டோ எடுங்கள்.

சங்ககிரி: 40 மீட்டர் கையில் இருக்கிறது. மிச்சம் 20 வாங்கி ஜாயின்ட் போடலாமா?

வேண்டாம். ஒரே துண்டாக வாங்குங்கள்.

காரைக்குடி: போஸ்ட்டில் கனெக்‌ஷனை நாமே கொடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பள்ளம் உங்களுடையது, போஸ்ட் மின்வாரியத்துடையது. ஏறினால் உயிர் போகும்.

ஓசூர்: பிளம்பிங் பிவிசி பைப்பில் சாதா வயரை இழுத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

பைப்பில் தண்ணீர் தேங்கும், சாதா வயர் அதில் ஊறிக் கிடக்கும். கடப்பாரை பட்டால் இரண்டும் சேர்ந்து போகும். பைப் ஜிஐ என்றால் இன்னொரு வம்பு: ஃபேஸை ஒரு பைப்பிலும் நியூட்ரலை வேறொன்றிலும் விட்டால் இரும்பே சூடாகும்.

கும்பகோணம்: ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரே புதைத்த கேபிள் பழுதானால் தரையை உடைக்கணும். பைப் என்றால் உருவி மாற்றலாம்.

கார் நிறுத்தும் கான்கிரீட்டுக்கு அடியில் பைப் போடுங்கள், அது சரி. முழு நீளத்துக்கும் எதற்கு? பைப்புக்குள் கேபிளின் சூடு மண்ணுக்கு எளிதில் இறங்காது.

கும்பகோணம்: எங்கள் களிமண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். டபுள் வால் பைப்தான் தாங்கும்.

களிமண் விஷயம் நியாயம். அங்கே மணல் படுக்கையைத் தடிமனாகப் போட்டு, கேபிளை இழுத்துக் கட்டாமல் நெளிய விடுங்கள். பைப்தான் என்றால் கேபிளைவிட நன்றாகப் பெரியதாக எடுத்து, வளைவில் சேம்பர் (மூடி போட்ட சின்னத் தொட்டி) கட்டுங்கள்.

மதுரை: எவ்வளவு ஆழம் சார்?

பல்லடத்துக்குச் சொன்னது. மூடும் முன் போட்டோ.

நாமக்கல்: ஆர்மருக்கு எர்த் தரணுமா? அதையே நியூட்ரலாக வைத்தால் ஒரு கோர் மிச்சமாகுமே?

எர்த் தர வேண்டும், இரண்டு முனையிலும் பித்தளை கிளாண்ட் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) போட்டு. நியூட்ரலாக ஒருக்காலும் கூடாது. எங்காவது அது அறுந்தால், மீதிக் கம்பி உறையில் கரண்ட் நிற்கும். வீட்டுக்குள் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் சுவிட்ச்) இல்லையென்றால் இன்றே மாட்டுங்கள்.

தேனி: இதே கேபிளில் சோலார் சேர்க்கலாமா?

என் துறை இல்லை. இன்வெர்ட்டர் விற்றவரைக் கேளுங்கள்.

விழுப்புரம்: ஒன்றரை அடி போதாதா? பாறை.

பாறை உள்ள இடத்தில் மட்டும் பைப்புக்குள் விட்டு மேலே கான்கிரீட் போடுங்கள். மற்ற இடத்தில் இரண்டரை. போட்டோ.

கும்பகோணம்: பார்த்தீர்களா, பாறைக்கும் பைப்தானே சொன்னீர்கள்!

உங்கள் வீட்டுக்கு எத்தனை மீட்டர், எத்தனை வளைவு? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.