பையனுக்கு எத்தனை என்கேஜ்மெண்ட்?

கேள்வி: என் மகளுக்கு வைகாசியில் நிச்சயம் முடிந்தது. பையனுக்குச் சென்னையில் ஐ.டி. வேலை. போன வாரம் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தவன், "சனிக்கிழமை ஆபீஸ்ல எம்ப்ளாயீ என்கேஜ்மெண்ட் இருக்கு அத்தை, வர முடியாது" என்று போனில் சொன்னான். பக்கத்தில் இருந்த என் மாமியார், "ஏளா, அவனுக்கு எத்தன எங்கேச்மெண்டு?" என்று பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாகச் சமாதானம் ஆகவில்லை. ஆச்சிக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? – ஒரு வாசகி, வீரவநல்லூர்.

பதில்: ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. நானே இந்த வார்த்தையில் மாட்டியிருக்கிறேன். 1979இல் இங்கிலீஷ் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்த புதிது. சொத்தைப் பல்லைப் பிடுங்க ஒரு நாள் லீவ் வேண்டும். பல் என்று எழுத வெட்கமாக இருந்தது. ஸ்டைலாக 'பிரையர் என்கேஜ்மெண்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு ஜோலி இருக்கிறது என்று அர்த்தம். தப்பே இல்லை. மறுநாள் வீங்கின கன்னத்தோடு போய் நிற்கிறேன், ஸ்டாஃப் ரூமே கூடி "பொண்ணு எந்த ஊரு?" என்கிறது. ஹெட்மாஸ்டர் கை கொடுத்தார். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் மறுத்துச் சொல்லவும் முடியவில்லை.

சரி, ஆச்சிக்கு வருவோம். ஆச்சிக்கு ஒத்தி தெரியாமல் இருக்காது. அங்கிருந்து தொடங்குங்கள்.

என் அப்பா சேரன்மகாதேவியில் பத்திரம் எழுதினவர். திண்ணையில் சாய்வு மேஜை, மேஜைக்கு இந்தப் பக்கம் கடன் வாங்குகிறவர், அந்தப் பக்கம் கொடுக்கிறவர். ஒத்தி என்றால், வயலையோ வீட்டையோ பணம் கொடுத்தவர் கையில் விட்டுவிட வேண்டும். விளைச்சலை அவர் எடுத்துக்கொள்வார், அல்லது வீட்டில் வாடகையில்லாமல் இருந்துகொள்வார். அதுதான் வட்டி. பத்து வருஷம் கழித்தும் அசல் அப்படியே நிற்கும். வடக்கே போக்கியம் என்பார்கள். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 58ஆம் பிரிவில் (ஈ) உட்பிரிவு இதற்குத்தான்.

இப்போது இங்கிலீஷுக்கு வாருங்கள். என்கேஜ் என்பதன் நடுவில் 'கேஜ்' என்று ஒரு துண்டு இருக்கிறதே, அது பழைய பிரெஞ்சுச் சொல். ஈடு, அடகுப்பொருள் என்று அர்த்தம். என்கேஜ் என்றால் முதலில் ஈடு வைப்பது, அவ்வளவுதான். பாங்க்காரர்கள் சொல்கிற மார்ட்கேஜ் இருக்கிறதே, அதிலும் இதே கேஜ். 'மார்ட்' என்றால் செத்த. செத்த ஈடு! ஏன் செத்தது? 12ஆம் நூற்றாண்டில், கிளான்வில் பெயரில் வழங்கும் இங்கிலாந்துச் சட்ட நூல் சொல்கிற காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஈடாக வந்த நிலத்தின் விளைச்சலால் கடன் குறைந்தால் அது உயிருள்ள ஈடு. விளைச்சலையும் தின்றுவிட்டு அசலையும் அப்படியே வைத்திருந்தால் செத்த ஈடு. அதாவது நம் ஒத்தி! 17ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கோக் என்ற நீதிபதி வேறு காரணம் சொன்னார். கடனைக் கட்டாவிட்டால் நிலம், கடன் வாங்கினவனுக்குச் செத்தது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவனுக்குச் செத்தது என்று. கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான். ஆனால் அப்பாவின் மேஜையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் விளக்கம்தான் ஒட்டுகிறது.

இன்னொரு வேடிக்கை. வெட்டிங்கில் இருக்கிற 'வெட்' பழைய இங்கிலீஷில் ஈடு என்றுதான் பொருள்பட்டது. கூலியைக் குறிக்கிற 'வேஜ்' என்பதும் கேஜின் கூடப்பிறந்தது. ஆகக் கல்யாணம், சம்பளம், அடமானம் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அகராதி சொல்கிறது, குடும்பஸ்தர்களுக்கு அகராதி தேவைப்படாது.

இதை ஆச்சியிடம் இப்படிச் சொல்லலாம்: வைகாசியில் நாம் தட்டு மாற்றினோமே, அதுவும் ஒரு ஈடுதான். அங்கே ஈடாக வைத்தது வயல் இல்லை, வாக்கு. கொடுத்த வாக்கிலிருந்து கையை உருவிக்கொள்ள முடியாது. அந்த 'உருவ முடியாது' என்கிற பிடிதான் மற்ற அர்த்தங்களுக்கும் போயிருக்கிறது. வண்டியில் பல்லும் பல்லும் மாட்டிக்கொண்டால் கியர் என்கேஜ் ஆகிவிட்டது. வக்கீலை என்கேஜ் பண்ணுகிறோம், காரை என்கேஜ் பண்ணுகிறோம். கோயில் சுவரோடு பாதி உடம்பு புதைந்து நிற்கிற அரைத்தூண் இருக்கிறதே, அந்த மாதிரித் தூணைக் கட்டடக்கலைக்காரர்கள் 'என்கேஜ்டு காலம்' என்பார்கள். அடுத்த முறை நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால் ஆச்சிக்குக் காட்டுங்கள்.

பட்டாளத்துக்காரர்களுக்கோ என்கேஜ்மெண்ட் என்றால் சண்டை. 1799 செப்டம்பர் 5ஆம் தேதி பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மேல் பாய்ந்ததே, ராணுவ இங்கிலீஷில் அது ஓர் என்கேஜ்மெண்ட். சண்டைக்குக் கூப்பிட்டு ஐரோப்பாவில் ஒருவன் கையுறையைக் கழற்றிக் கீழே எறிவானே, அந்தக் கையுறைக்கும் கேஜ் என்றுதான் பெயர். சம்பந்தம் பேசப் போன இடத்தில் இந்த அர்த்தத்தைச் சொல்ல வேண்டாம்.

இந்த ஆபீஸ் என்கேஜ்மெண்ட் மிகப் பிந்தி வந்தது. 1990இல் வில்லியம் கான் என்ற அமெரிக்கர், கோடை முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் ஒரு கட்டடக்கலை அலுவலகத்து ஆட்களையும் ஆராய்ந்து, வேலையில் ஒருவர் எவ்வளவு மனசைக் கொடுக்கிறார் என்பதற்கு இந்தச் சொல்லைப் போட்டார். கம்பெனிகள் பிடித்துக்கொண்டன, அந்த மனசை வரவழைக்க ஆட்டம் பாட்டம் என்று ஒரு நாள் வைக்கின்றன. அன்றைக்கு மாப்பிள்ளை அநேகமாக மியூசிக்கல் சேர் ஆடியிருப்பார். மனசைக் கொடுத்தாரா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'கமிட்மெண்ட் நிறைய இருக்கு' என்றால் எங்கள் பக்கம் கடன் என்று அர்த்தம். 'கமிட் ஆயிட்டான்' என்றால் காதல். இரண்டும் எப்படி ஒரே சொல்? – ஒரு வாசகர், களக்காடு.

பதில்: லத்தீனில் ஒப்படைப்பது என்று பொருள். ஒருவனைச் சிறைக்கு ஒப்படைத்தாலும் இங்கிலீஷில் கமிட்தான். மாதத் தவணையை அவர்களும் கமிட்மெண்ட் என்றுதான் சொல்கிறார்கள், நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. காதல், கடன் இரண்டிலும் எதை ஒப்படைக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும், களக்காட்டுக்காரரே.

கேள்வி: நிச்சயதார்த்த பேனரில் மணமகள் பெயருக்கு முன்னால் 'என்கேஜ்டு வித்' என்று போட்டுவிட்டோம். சரியா? – ஒரு வாசகர், நாங்குநேரி.

பதில்: 'என்கேஜ்டு டு' என்று இருக்க வேண்டும். 'வித்' போட்டால், அந்தப் பெண்ணோடு ஏதோ வேலையாக இருக்கிறார், அப்புறம் வாருங்கள் என்கிற மாதிரி இருக்கும். கட்டின பேனரை அவிழ்க்க வேண்டாம். பேனரில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை, போட்டோவில் தன் தலை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கேள்வி: போன் 'என்கேஜ்டா இருக்கு' என்று நான் சொன்னதற்கு அமெரிக்காவில் இருக்கிற பேத்தி சிரிக்கிறாள். – ஒரு வாசகி, பாளையங்கோட்டை.

பதில்: நீங்கள் சொன்னது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்காவில் 'பிஸி' என்பார்கள். பேத்தி எப்போதாவது லண்டன் ரயிலில் போனால் கழிவறைக் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே உங்கள் சொல்தான் எழுதியிருக்கும்.