மீரான் கோட்டையின் குப்பை – கடிதம்

அன்புள்ள ஐயா,

மீரானில் உள்ள பழைய திபெத்தியக் கோட்டையின் குப்பை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். திபெத்தியர் என்றாலே மடாலயமும் பிக்குகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். மேற்குச் சீனத்தின் தக்லமக்கான் பாலைவனத்தில் அவர்களுக்கு ராணுவக் கோட்டை எதற்கு? அதே மீரானில் சிறகு முளைத்த மனிதர்களின் அழகான சுவரோவியங்கள் கிடைத்திருக்க, நீங்கள் கோட்டைக் குப்பையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, ஏன்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

நாம் மனதில் வைத்திருக்கும் திபெத் மிகவும் பிந்தியது. 7ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திபெத் ஒரு பேரரசு. 755இல் சீனத் தளபதி அன் லுஷானின் கலகம் வெடித்ததும் சீனம் தன் மேற்கு எல்லைப் படைகளை உள்நாட்டுக்கு இழுத்துக்கொண்டது. 763இல் திபெத்தியப் படை சீனத் தலைநகர் சாங்கானுக்குள்ளேயே புகுந்துவிட்டது. தக்லமக்கானை உள்ளடக்கிய தாரிம் படுகையின் தென் பகுதியும் பிறகு திபெத்தின் கைக்கு வந்தது. துன்ஹுவாங்கிலிருந்து கோத்தானுக்குப் போகும் பட்டுப்பாதையில், இன்று வற்றிப்போன லோப் நோர் ஏரிக்குப் பக்கத்தில் இருப்பது மீரான். அங்கே கோட்டை கட்டாமல் வேறெங்கே கட்டுவார்கள்?

ஓவியங்கள் அழகானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவை திபெத்தியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. கோட்டைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

சரி, குப்பைக்கு வருகிறேன். 1907 ஜனவரியில், உறைய வைக்கும் காற்றில், தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் அந்தக் கோட்டையைத் தோண்டினார். மூலைகளில் கொத்தளங்கள். உள்ளே மதிலை ஒட்டி, நெருக்கியடித்த சின்னச் சின்ன அறைகள். பல அறைகளில் கூரை வரை குப்பை: வைக்கோல், எலும்பு, கந்தல், சாணம், அரக்குப் பூசிய தோல் கவசத்தின் செதில்கள். ஆயிரம் வருடம் தாண்டியும் நாற்றம் போகவில்லை. எத்தனையோ பழங்குப்பைகளைக் கிளறிய ஸ்டைன், அழுக்கிலும் வீச்சத்திலும் திபெத்தியச் சிப்பாய்களுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறார்!

அந்த நாற்றத்துக்குள்தான் மரத்திலும் காகிதத்திலும் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட திபெத்திய ஆவணங்கள் கிடந்தன. தானியம் அனுப்பச் சொல்லி ஒன்று, காவல் சாவடிக்கு ஆள் கேட்டு ஒன்று, வயல் பங்கீடு பற்றி ஒன்று. அவற்றிலிருந்துதான் இந்த ஊரைத் திபெத்தியர் ‘சின்ன நோப்’ என்று அழைத்தது தெரிகிறது. மரச்சீட்டுகளில் ஓரமாக ஒரு துளை இருக்கும், கயிறு கோக்க. வேலை முடிந்ததும் எழுத்தைச் சீவியெடுத்துவிட்டு அதே சீட்டில் அடுத்த கணக்கை எழுதுவார்கள். பாலைவனத்தில் மரத்துக்குப் பஞ்சம் அல்லவா!

ஒரே சங்கடம், தேதி. எலி ஆண்டு, முயல் ஆண்டு என்று பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் எழுதியிருப்பார்கள். எந்தச் சுற்றின் முயல் என்று கண்டுபிடிப்பதற்குள் ஆய்வாளர்களுக்குத் தலை சுற்றிவிடும்.

லாசாவில் ஒரு கல்தூண் இருக்கிறது. சாங்கான் படையெடுப்பை நடத்திய தளபதியின் புகழ் அதில் பொறித்திருக்கிறது. அந்தப் படைக்கு யார் சோறு போட்டார்கள் என்பது அந்தத் தூணில் இல்லை. எல்லைக் காவலில் இருந்தவனுக்குத் தானியம் எப்படிப் போய்ச் சேர்ந்தது, வராதபோது யாருக்கு எழுதினான் என்பதெல்லாம் மீரான் குப்பையில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு பேரரசு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அந்தத் தூணைவிட இந்தச் சீட்டுகளே மேல்.

மீரான் சீட்டுகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. துன்ஹுவாங் ஆவணங்களுக்கான சர்வதேசத் திட்டத்தின் தளத்தில் படங்களும் கிடைக்கும். திபெத்திய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கத்தி சீவிய தடங்களைப் பாருங்கள்.