உரசிச் சென்ற வேனும் ஒரு பக்கப் புகாரும்

கேள்வி: தினமும் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். நான்கு நாட்களுக்கு முன்பு ஒரு சரக்கு வேன் பின்னால் வந்து விடாமல் ஹார்ன் அடித்தது. ஒதுங்குவதற்குச் சாலையோரத்தில் இடமில்லை. பிறகு என் கைப்பிடியை உரசுவது போல முந்திச் சென்று, எனக்கு முன்னால் வந்ததும் வேண்டுமென்றே பிரேக் போட்டது. எப்படியோ விழாமல் நிறுத்திவிட்டேன். கைப்பிடியில் பொருத்தியிருக்கும் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. “அடிபடவில்லையே, விட்டுவிடு” என்கிறார்கள் வீட்டில். அந்த வேனை அதே சாலையில் அடிக்கடி பார்க்கிறேன். புகார் கொடுத்தால் பயன் உண்டா? ஓட்டுநர் பழிவாங்க வந்தால் என்ன செய்வது?

பதில்: புகார் கொடுங்கள். அதற்கு முன்பு, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகக் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். இத்தகைய கேமராக்களில் பல, கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மீதே புதியதை எழுதிக்கொண்டு போகும். நான்கு நாட்களாக அதே கார்டோடு நீங்கள் வேலைக்குப் போய்வந்திருந்தால், உங்கள் சாட்சி அழிந்துபோகும் தறுவாயில் இருக்கலாம். நல்ல வழக்குகள் பல இப்படித்தான் வீணாகியிருக்கின்றன.

அடிபடவில்லை என்ற வாதத்துக்கு வருவோம். வீட்டார் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆபத்தாக வண்டி ஓட்டுவதே குற்றம், யாராவது காயப்பட்ட பிறகுதான் அது குற்றமாகும் என்பதில்லை. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவும், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. பிரிட்டனின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் ஓட்டிய விதத்தைத்தான் எடைபோடுகிறது. 2016இல் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை, காவலர்களைச் சாதாரண உடையில் சைக்கிளில் அனுப்பியது. நெருக்கி முந்திய ஓட்டுநர்களைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, எவ்வளவு இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்பதைத் தரையில் விரித்த பாயில் காட்டி விளக்கினார்கள். அந்தச் சைக்கிள்களில் சென்ற காவலர்களுக்கும் அடிபடவில்லை. அடிபடுவதற்கு முன்பே தடுப்பதுதான் அதன் நோக்கம்.

உங்கள் கடிதத்தில் மூன்று செயல்கள் இருக்கின்றன: ஹார்ன், நெருக்கி முந்தியது, முன்னால் வந்து பிரேக் போட்டது. மூன்றும் ஒரே எடை உடையவை அல்ல. பெரும்பாலானவர்கள் முந்தியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, பிரேக் போட்டதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் கணிப்பில் மிகப் பெரிய குற்றம் அந்த மூன்றாவதுதான். நெருக்கி முந்தியதைக் கவனக்குறைவு என்று ஓட்டுநர் சொல்லிக்கொள்ளலாம். முன்னால் காலியாக இருக்கும் சாலையில் காரணமில்லாமல் பிரேக் போட்டதற்கு அப்படி ஒரு சமாதானம் சொல்வது கடினம். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுவீர்கள். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படலாம். ஆகவே, பிரேக் விளக்கு எரிந்த நொடியில் முன்னால் சாலை காலியாக இருந்தது வீடியோவில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதைப் புகாரில் தனி வாக்கியமாக எழுதுங்கள்.

வீடியோவைக் கையாள்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அசல் கோப்பை வெட்டவோ, வெளிச்சம் கூட்டவோ, பெயர் மாற்றவோ கூடாது. இரண்டு நகல் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள், அசல் கார்டை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். காவல்துறைக்குக் கொடுக்கும் நகலில், சம்பவத்துக்கு முன்பும் பின்பும் இரண்டிரண்டு நிமிடங்களாவது இருக்கட்டும். தகராறு எப்படித் தொடங்கியது, அதற்கு முன்பு நீங்கள் எப்படிப் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதை அதிகாரி நிச்சயம் பார்ப்பார். சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தால் அதுவும் தெரியும். மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பாதீர்கள், அளவைச் சுருக்கும்போது நம்பர் பிளேட் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கேமராவின் கடிகாரத்தை உங்கள் கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஏழு நிமிடம் பிந்தியிருந்தால் திருத்த முயலாமல், ‘கேமரா நேரம் ஏழு நிமிடம் பிந்தியது’ என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள். இந்தியாவில் வழக்கு நீதிமன்றம் வரை போனால், மின்னணுப் பதிவுக்கு 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். எந்தக் கருவி, எப்போது, யார் கையில் இருந்தது என்பதை இன்றே குறித்து வைத்தால் அன்று திணற மாட்டீர்கள்.

அடுத்தது இடைவெளி. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சைக்கிள் கேமராக்களில் அகலக் கோண லென்ஸ் இருக்கும், அது எல்லாவற்றையும் தூரமாகக் காட்டும். உங்கள் முழங்கையில் காற்று அறைந்த அந்த வேன், திரையில் பார்த்தால் மரியாதையான தூரத்தில் போவது போலத் தோன்றும். ‘மயிரிழையில் தப்பினேன்’ என்று எழுதிவிட்டு அந்த வீடியோவைக் கொடுத்தால், பார்ப்பவர் நீங்கள் மிகைப்படுத்துவதாகவே நினைப்பார்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, அந்த இடத்தில் சாலை ஓரக் கோட்டிலிருந்து நடுக்கோடு வரை எவ்வளவு என்று அளந்து வாருங்கள். 3.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீடியோவில் உங்கள் சக்கரம் ஓரக் கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்பது தெரியும். அதோடு கைப்பிடியின் பாதி அகலத்தைக் கூட்டினால், கைப்பிடியின் நுனி ஓரக் கோட்டிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ரக வேனின் அகலம், பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து, தயாரிப்பாளரின் குறிப்பிலேயே கிடைக்கும். 2.1 மீட்டர் என்று கொள்ளுங்கள். முந்தும் நொடியில் வேனின் மறுபக்கக் கண்ணாடி நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்று வீடியோ காட்டினால், 3.4இலிருந்து 1.0, 2.1 இரண்டையும் கழியுங்கள். மிச்சம் 30 சென்டிமீட்டர், பள்ளிப் பையில் இருக்கும் அளவுகோலின் நீளம். அதற்கு மேல் இடைவெளி இருந்திருக்க வழியே இல்லை. இந்தக் கணக்கை நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள், லென்ஸ் சொல்லும் பொய் எடுபடாது.

ஒப்பிட்டுப் பார்க்க: ஜெர்மனியில் 2020 முதல் நகருக்குள் 1.5 மீட்டரும் வெளியே 2 மீட்டரும் விட வேண்டும். பிரான்சில் நகருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5. பிரிட்டனின் சாலை விதிநூல் 2022இல் திருத்தப்பட்டபோது, மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் குறைந்தது 1.5 மீட்டர் என்று சொன்னது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் இப்படி ஓர் எண் இருந்தால் அதைப் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டாலும் 30 சென்டிமீட்டர் என்பது ஆபத்தா இல்லையா என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வேனின் வேகத்தை மட்டும் ஊகித்து எழுதாதீர்கள். ‘எண்பதில் வந்தான்’ என்று எழுதி, அது ஐம்பது என்று தெரிந்தால் மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் விழும்.

புகாரின் நடை பற்றி ஒரு வார்த்தை. நான் படித்த புகார்களில் பாதி இப்படித் தொடங்கும்: ‘திமிர் பிடித்த அந்த ஓட்டுநர் என்னைக் கொல்லும் வெறியோடு துரத்தி வந்தான்.’ கோபம் நியாயமானதுதான். ஆனால் அதை வைத்து அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘காலை 8.42 மணி. சாலையின் இடது ஓரமாக, மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளை நிறச் சரக்கு வேன் பின்னாலிருந்து தொடர்ந்து ஹார்ன் அடித்தது (வீடியோ 2:05). ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இடைவெளியில் முந்தியது (2:14). எனக்கு முன்னால் வந்து பிரேக் போட்டது, அப்போது அதன் முன்னே எந்த வாகனமும் இல்லை (2:17). மோதாமலிருக்க முழுமையாக நிறுத்தினேன்.’ இடம், பதிவெண், வண்டியில் எழுதியிருந்த பெயர், பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் விவரம், இவை சேர்ந்தால் ஒரு பக்கம். அது போதும்.

ஓட்டுநரின் முகம் தெரியவில்லையே என்று கவலை வேண்டாம். பதிவெண் இருந்தால் உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். அந்த நேரத்தில் ஓட்டியது யார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, பிரிட்டனில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆவது பிரிவு இதற்காகவே இருக்கின்றன. வேன் ஒரு நிறுவனத்துடையது என்றால், அந்த நிறுவனத்துக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். பல சரக்கு வண்டிகளில் ஜிபிஎஸ் கருவியும் கேமராவும் இருக்கும், அந்தப் பதிவும் சில நாட்களில் அழிந்துவிடும். ‘இன்ன நாள், இன்ன நேரப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள், காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்’ என்று மட்டும் எழுதுங்கள், வேறு சண்டை வேண்டாம். சாலையோரக் கட்டடங்களின் சிசிடிவிக்கும் இதே அவசரம்தான்.

ஆபத்து இன்னும் தொடர்ந்தால்தான் அவசர எண்ணை அழைக்க வேண்டும். முடிந்துபோன சம்பவத்துக்குக் காவல் நிலையம், போக்குவரத்துக் காவல் பிரிவு, அல்லது உங்கள் நாட்டுக் காவல்துறையின் இணையப் பக்கம். தாமதிக்காதீர்கள். பிரிட்டனில் வண்டியின் உரிமையாளருக்கு 14 நாட்களுக்குள் காவல்துறையின் அறிவிப்பு போய்ச் சேராவிட்டால் பெரும்பாலும் வழக்கே நிற்காது. ‘காயமில்லை, வழக்கில்லை’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் செய்ய வேண்டாம். புகாரை எழுத்தில் வாங்கிக்கொண்டு எண் தரும்படி கேளுங்கள். இந்தியாவில் அப்படியும் பதிய மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, புகாரைத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வழி தருகிறது. முடிவு எச்சரிக்கைக் கடிதமாகவும் இருக்கலாம், அபராதமாகவும் இருக்கலாம், வழக்காகவும் இருக்கலாம். பல இடங்களில் நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

இனி உங்கள் பயம். அது வீண் பயம் அல்ல. வழக்கு நீதிமன்றம் போனால், புகார் கொடுத்தவர் யார் என்பது பெரும்பாலும் எதிர்த் தரப்புக்குத் தெரியவரும். இதைச் சொல்லாமல் உங்களுக்கு வெறும் தைரியம் மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புகார் எண் ஒன்று இருக்கும்போது, மறுபடி அவர் நெருக்கினால் அது இரண்டாவது சம்பவமாகக் கணக்கில் ஏறும். எண் இல்லாவிட்டால் எத்தனை முறை நடந்தாலும் அது முதல் முறைதான். பழிவாங்குவாரோ என்ற அச்சத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். கொஞ்ச நாள் கிளம்பும் நேரத்தை அரை மணி மாற்றுங்கள், முடிந்தால் வேறு வழியில் போங்கள், பின்பக்கமும் ஒரு கேமரா பொருத்துங்கள். வேனைப் பார்த்தால் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மிரட்டினால் அது தனிக் குற்றம், தனிப் புகார்.

துரத்திப் போய்க் கண்ணாடியைத் தட்டாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு என்னை நெருக்கிய ஒரு காரின் பின்னால் நான் கத்திக்கொண்டே போனேன். அதிகாரி அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தபோது, அறை முழுவதும் என் வசவுதான் கேட்டது. கார் செய்தது பின்னுக்குப் போய்விட்டது. அதே காரணத்துக்காகத்தான் வீடியோவைச் சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம் என்கிறேன். பதிவெண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால்கூட, சம்பந்தமே இல்லாத ஒருவரின் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும்.

கடைசியாக, இனிமேல் இப்படி நடந்தால் வண்டி கண்ணிலிருந்து மறைவதற்குள் பதிவெண்ணை உரக்கச் சொல்லுங்கள். இருட்டில் பின்விளக்கின் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் கரைந்துபோனாலும், மேடு பள்ளத்தில் படம் குலுங்கினாலும், கேமராவின் மைக் உங்கள் குரலைப் பிடித்து வைத்திருக்கும்.