பெட்டியில் 1 எம்எஸ், திரையில் எவ்வளவு? மானிட்டர் கேள்வி பதில்

மானிட்டர் பழுது பார்ப்பது என் தொழில். வாங்குகிறவர்களோடு கடைக்குப் போய் நிற்பது தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். "மானிட்டர் வாங்கும் முன் கேட்க நினைப்பதைக் கேளுங்கள்" என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ரெஸ்பான்ஸ் டைம் பற்றித்தான். திரையில் ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, நிறம் மாற எடுக்கும் நேரம் அது; பெட்டியில் எம்எஸ், அதாவது மில்லி செகண்டில் போட்டிருப்பார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருச்சி, கல்லூரி மாணவர்: அண்ணா, இரண்டு 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 காட்சி. ஒன்றில் 1 எம்எஸ் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 5 எம்எஸ். முதலாவது 1,500 ரூபாய் கூட. ஐந்து மடங்கு வேகம் என்றால் கொடுக்கலாம்தானே?

தம்பி, அந்த 1,500 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்துக்கொள். முதலில் அந்த 1 எம்எஸ்-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா பார். ஜிடுஜி என்று இருக்கும், அல்லது எம்பிஆர்டி என்று இருக்கும். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம்.

ஜிடுஜி என்பது ஒரு பிக்சல் ஒரு சாம்பல் அளவிலிருந்து இன்னொரு சாம்பல் அளவுக்கு மாற எடுக்கும் நேரம். இதிலேயே ஒரு தந்திரம் உண்டு. மாற்றத்தின் முதல் 10 சதவீதத்தையும் கடைசி 10 சதவீதத்தையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் அளப்பதுதான் வழக்கம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியே வர ஆன நேரத்தையும், ஊருக்குள் நுழைந்து ஊர்ந்த நேரத்தையும் கழித்துவிட்டு, பைபாஸில் பறந்ததை மட்டும் பயண நேரம் என்று சொல்கிற மாதிரி. அதோடு, 8 பிட் திரையில் 256 அளவுகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று கணக்குப் போட்டால் 65,280 மாற்றங்கள். அதில் எது 1 எம்எஸ்-இல் முடிந்தது என்று பெட்டியில் எழுதுவதில்லை. ஏதோ ஒன்று முடிந்திருக்கும். எண் பொய்யில்லை, ஆனால் உனக்கு அதனால் பிரயோஜனமும் இல்லை.

எம்பிஆர்டி என்பது ஓடும் காட்சி நம் கண்ணுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதன் அளவு. 100 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு காட்சியும் 10 மில்லி செகண்ட் நிற்கிறது. அதை 1 ஆக்க ஒரே வழி, திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கை, அதாவது பேக்லைட்டை, 1 மில்லி செகண்ட் மட்டும் எரியவிட்டு மீதி 9-க்கு அணைத்து வைப்பது. மெனுவில் அதற்கென்று ஒரு அமைப்பு இருக்கும். போட்டால் ஓட்டம் தெளிவாகத்தான் தெரியும், ஆனால் வெளிச்சம் பாதாளத்துக்குப் போகும், சிலருக்குக் கண் கூசும். பெரும்பாலானோர் முதல் நாள் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்கள். அணைத்த பிறகு அது பக்கத்தில் இருக்கிற 5 எம்எஸ் மானிட்டரேதான்.

பிக்சல் அடுத்த காட்சி வருவதற்குள் மாறி முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் தேவை. 60 ஹெர்ட்ஸில் அந்த அவகாசம் 16.7 மில்லி செகண்ட், 100-இல் 10, 144-இல் 6.9, 240-இல் 4.2. நீ பார்த்த இரண்டுமே 100-க்குப் போதும் என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பணத்துக்கு உயரம் ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டாண்டு உள்ள மாடல் கிடைக்கிறதா பார். கழுத்து உன்னை வாழ்த்தும்.

அதே மாணவர்: பிக்சல் உடனே மாறிவிட்டால் மங்கலே இருக்காது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு படம் நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடுகிறது என்று வை. 60 ஹெர்ட்ஸில் அது காட்சிக்குக் காட்சி 16 பிக்சல் தாவும். ஆனால் உன் கண் தாவாது, வழுக்கிக்கொண்டே தொடரும். திரை ஒரே இடத்தில் நிற்கிறது, கண் நகர்கிறது. அதனால் விழித்திரையில் 16 பிக்சல் அகலத்துக்குத் தடவினாற்போல் விழும். பிக்சல் எவ்வளவு வேகமாக மாறினாலும் இது போகாது. 120 ஹெர்ட்ஸ் ஆக்கினால் 8 பிக்சலாகக் குறையும். பழைய டப்பா மானிட்டரில் ஓட்டம் அவ்வளவு கூர்மையாக இருந்ததற்குக் காரணம், அதில் ஒவ்வொரு புள்ளியும் மின்னிவிட்டு உடனே அணைந்துவிடும்.

கோவை: மெனுவில் ரெஸ்பான்ஸ் டைமை உச்சத்தில் வைத்தேன். இப்போது மவுஸ் பாயின்டரை நகர்த்தினால் பின்னாலேயே ஒரு வெளிச்ச நிழல் வருகிறது. பேனல் போய்விட்டதா?

பேனலுக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் உச்சத்தில் வைத்த அந்த அமைப்பின் பொதுப் பெயர் ஓவர் டிரைவ். அசூஸில் டிரேஸ் ஃப்ரீ, பென்க்யூவில் ஏஎம்ஏ, எல்ஜியில் ரெஸ்பான்ஸ் டைம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிக்சலை அவசரப்படுத்த, தேவையைவிடக் கூடுதல் வோல்டேஜ் கொடுத்து உதைப்பது. அளவாக உதைத்தால் நல்லது. அதிகமானால் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். பெட்டியில் போட்ட 1 எம்எஸ் பெரும்பாலும் இந்த உச்ச உதையில் எடுத்த எண்தான்! யாரும் அந்த அமைப்பில் வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு சாம்பல் நிற வால்பேப்பர் போட்டு, அதன் மேல் ஒரு சின்னக் கறுப்பு ஜன்னலைப் பிடித்து இடமும் வலமுமாக இழுத்துப் பாருங்கள். பின்னால் கறுப்பு வால் வந்தால் உதை போதவில்லை, வெள்ளை வால் வந்தால் அதிகம். பெரும்பாலான மானிட்டரில் நடு அமைப்புதான் சரியாக வரும்.

சேலம்: மேட்ச் பார்க்கும்போது பந்துக்கு வால் முளைக்கிறது. 5 எம்எஸ் மானிட்டர். 1 எம்எஸ் வாங்கினால் சரியாகுமா?

பந்து ஓடும்போது வீடியோவை நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய படத்திலும் பந்து நீண்டு தெரிந்தால் அது கேமராவில் ஏறிய மங்கல். உலகத்திலேயே வேகமான மானிட்டரை வாங்கினாலும் அது இருந்தே தீரும். ஒளிபரப்பு நொடிக்கு 50 காட்சியாக வந்து உங்கள் திரை 60-இல் ஓடினாலும் ஒரு தடுக்கல் வரும். மெனுவில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் போட்டுப் பாருங்கள்.

மதுரை: எந்த வகைப் பேனல் எடுப்பது, ஐபிஎஸ்ஸா, விஏவா? விஏவில் கறுப்பு நன்றாக இருக்கும் என்கிறார்களே.

இருக்கும். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஐபிஎஸ்ஸில் சுமார் 1000:1, விஏவில் சுமார் 3000:1. விளக்கணைத்துப் படம் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் மானிட்டர் பார்த்துக் கொடுக்கிறவன், எனக்கு வாங்கும்போது அவசரப்பட்டேன். 32 இன்ச் விஏ. கடையில் பூவும் கிளியுமாக ஒரு டெமோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்துப் படிப்பது என் பழக்கம். சக்கரத்தை உருட்டியதும் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஊதாவும் பழுப்புமாக ஒரு இழுவல். ஈரச் சுவரில் சாயம் வழிகிற மாதிரி. நிறுத்தினால் எழுத்து வெள்ளை, உருட்டினால் அழுக்கு. விஏவில் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறுவதுதான் ஆக மந்தமான மாற்றம். மற்ற மாற்றங்களெல்லாம் வேகமாக இருக்கும், அதனால் பெட்டியில் இருக்கும் எண்ணும் அழகாக இருக்கும். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். நியாயம்தான், மானிட்டரில் பழுது எதுவும் இல்லையே. இப்போது அது வீட்டில் டிவியாக இருக்கிறது.

படம் பார்க்க விஏ. கறுப்புப் பின்னணியில் வேலை, இருட்டுக் காட்சிகள் உள்ள வேகமான கேம் என்றால் ஐபிஎஸ்.

சென்னை: பெட்டியில் கான்ட்ராஸ்ட் 10 கோடிக்கு 1 என்று இருக்கிறது?

டைனமிக் கான்ட்ராஸ்ட். கறுப்பு வரும்போது பேக்லைட்டையே அணைத்துவிட்டு அளந்த கணக்கு. கண்டுகொள்ளாதீர்கள். ஸ்டேட்டிக் அல்லது டிப்பிக்கல் என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு. பார்க்கும் கோணம் 178 டிகிரி என்பதும் இதே ஜாதி. கான்ட்ராஸ்ட் 10:1 ஆக விழும் வரை "தெரிகிறது" என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

யாழ்ப்பாணம்: வணக்கம் அண்ணை. முழுநாளும் தமிழில் பக்கம் வடிவமைக்கிற வேலை. 24 அங்குலம் எடுக்கவா, 27 எடுக்கவா? இரண்டும் ஃபுல் எச்டி.

இரண்டும் ஃபுல் எச்டி என்றால் 24-ஐ எடுங்கள். 1920க்கு 1080 பிக்சலை 24-இல் பரப்பினால் ஒரு அங்குலத்துக்கு 92 பிக்சல், 27-இல் பரப்பினால் 82 தான். ஆங்கிலத்துக்கு 82 சமாளிக்கும். தமிழுக்குச் சிரமம். ண, ன இரண்டின் சுழிகளை எண்ணிப் பாருங்கள். அந்த வளையங்களுக்கு நடுவே ஒரு பிக்சலாவது வெள்ளையாக நின்றால்தான் எழுத்து பிரியும். சின்ன அளவில் மெய்யெழுத்தின் புள்ளி வேறு எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிழை திருத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை. 27 தான் வேண்டுமென்றால் 2560க்கு 1440 எடுங்கள், அங்குலத்துக்கு 109 வரும். பணம் இருந்தால் 4கே, 163. உங்கள் வேலைக்கு ரெஸ்பான்ஸ் டைம் பக்கமே திரும்ப வேண்டாம்.

சிவகாசி: காலண்டர் டிசைன் செய்கிறோம் சார். திரையில் ஒரு சிவப்பு, அச்சில் வேறு சிவப்பு. 72% என்டிஎஸ்சி என்றால் நல்லதா?

என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி எல்லாம் திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்று ஒப்பிடும் அளவுகோல்கள். என்டிஎஸ்சி 72 சதவீதம் என்பது பரப்பளவில் ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். மலிவு லேப்டாப்களில் 45 என்று இருக்கும், அதில் சிவப்பு வெளுத்துத்தான் தெரியும். பரப்பு சமமாக இருப்பதால் நிறங்கள் பொருந்தும் என்றில்லை. எனவே எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் அல்லது அடோபி ஆர்ஜிபி இவ்வளவு என்று நேராகச் சொல்லும் மாடலாகப் பாருங்கள். ஆனால் சார், உங்கள் பிரச்சினை மானிட்டர் மாற்றுவதால் மட்டும் தீராது. அச்சில் நிறம் நான்கு மைகளால் வருகிறது (சிஎம்ஒய்கே), திரையில் சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தால் வருகிறது (ஆர்ஜிபி). ஒரு கலர் கேலிபிரேட்டர் வாங்கி மாதம் ஒரு தடவை திரையை அளந்து வையுங்கள், உங்கள் அச்சகத்தின் பிரொஃபைலைப் போட்டு ப்ரூஃப் பாருங்கள்.

ஊட்டி: ஜனவரி மாதம் காலையில் திரையில் எல்லாம் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒன்பது பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது.

தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்திருப்பீர்களே. திரைக்குள் இருக்கும் திரவப் படிகமும் குளிரில் பாகு மாதிரி ஆகும், திசை திரும்புவதற்கு நேரம் எடுக்கும். அரை மணி நேரம் முன்னால் போட்டு வையுங்கள்.

ஓசூர்: 144 ஹெர்ட்ஸ் வாங்கினேன். பழைய 60-க்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

விண்டோஸில் டிஸ்பிளே அமைப்புகளுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று ஒன்று உண்டு. அங்கே இன்னமும் 60 என்றுதான் இருக்கும், மாற்றுங்கள். பட்டியலில் 144 இல்லாவிட்டால் கேபிளைப் பாருங்கள். டிஸ்பிளே போர்ட் இருந்தால் அதில் சொருகுங்கள். வருடக்கணக்காக 144-ஐ 60-இல் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கு நானேதான் வாங்கிக் கொடுத்தேன், கேட்க மறந்துவிட்டேன்.

வேலூர்: எச்டிஆர் என்று போட்டிருக்கிறது, வெளிச்சம் 250 நிட்ஸ். போதுமா?

எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை. அந்தச் சிக்னல் வந்தால் இந்த மானிட்டர் ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். காட்டத் தெம்பு இல்லை. திரைத் தரங்களை வகுக்கும் வீசா (VESA) அமைப்பின் டிஸ்பிளே எச்டிஆர் 400 முத்திரைதான் அந்த வரிசையின் கீழ்ப்படி. அதற்கே 400 நிட்ஸ் வேண்டும். இதே வீசா 2022-இல் கிளியர்எம்ஆர் என்று ஓட்டத் தெளிவுக்கும் ஒரு முத்திரை கொண்டுவந்தது. தெளிவான பிக்சலுக்கும் மங்கிய பிக்சலுக்கும் உள்ள விகிதம் அது. பெட்டியில் அது இருந்தால், பக்கத்தில் உள்ள 1 எம்எஸ்-ஐ விட்டுவிட்டு அதை நம்புங்கள்.

தஞ்சாவூர்: புது மானிட்டரில் நடுவே ஒரு பச்சைப் புள்ளி. ஒன்றுக்கெல்லாம் மாற்ற மாட்டோம் என்கிறார்கள்.

வருத்தம்தான், ஆனால் தர விதியே அவர்கள் பக்கம் சாய்கிறது. பழைய ஐஎஸ்ஓ 13406-2 விதியின் இரண்டாம் வகுப்புப்படி பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் பிக்சல் 2, எப்போதும் அணைந்த பிக்சல் 2, துணைப் பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டு) கோளாறு 5 வரை அனுமதி. ஃபுல் எச்டியில் இருப்பது 20 லட்சத்துக்கு மேல், அப்படியானால் இரண்டு மடங்கு. சில கம்பெனிகள் ஒரு புள்ளி எரிந்தாலும் மாற்றித் தருகின்றன. வாரன்டி தாளில் இதைத் தேடிப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

கும்பகோணம்: கடையில் பத்து நிமிடம் தருவார்கள். எதைப் பார்ப்பது?

டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பென்டிரைவில் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்கள் கொண்டுபோங்கள். செத்த புள்ளி, ஓரத்தில் வெளிச்சம் கசிவது எல்லாம் அதில் தெரிந்துவிடும். இணையம் இருந்தால் ஓட்டத் தெளிவைச் சோதிக்கும் டெஸ்ட்யூஎஃப்ஓ (TestUFO) பக்கத்தைத் திறந்து, அதில் ஓடும் பறக்கும் தட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். இல்லாவிட்டால் கறுப்புப் பின்னணியில் ஒரு பக்கத் தமிழ் எழுத்தை வைத்து மேலும் கீழும் உருட்டுங்கள். பிறகு வெளிச்சத்தை வீட்டில் வைக்கும் அளவுக்குக் குறைத்து, திரையின் முன் ஒரு பேனாவை விரைவாக ஆட்டுங்கள். பேனா விசிறி மாதிரி தனித்தனியாகத் தெரிந்தால் பேக்லைட் துடிக்கிறது, தலைவலி உள்ளவர்கள் அதை எடுக்க வேண்டாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும், நீங்கள் பேனாவை ஆட்டுங்கள்.